கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் நீர் மாதிரி எடுக்கப் போகிறோம். பாம்பு, முதலை தவிர எதற்குப் பயப்பட வேண்டும்?

மூன்று மாணவர்கள், ஒக்டோபரிலிருந்து வாரம் ஒரு நாள், பெல்லன்வில-அத்திடியவிலும் முத்துராஜவெலவிலும் மாதிரி எடுப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். முதலில் எலிக்காய்ச்சல், அடுத்தது மின்னல், பிறகு சேறு. பாம்பும் முதலையும் அதற்குப் பின்னால்தான்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே போகிறது. நகரத்துக் கான்கள் வந்து சேரும் சதுப்பில் எலிக்குப் பஞ்சமில்லை. வேலை தொடங்குவதற்கு முதல் வாரமே உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போய் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விவரத்தைச் சொல்லுங்கள். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க அங்கே கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்துதான் உங்களுக்கும் தேவை. வழக்கமான அளவு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் வில்லை இரண்டு. தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே முதல் வேளையைப் போட்டு, வேலை முடியும்வரை வாராவாரம் தொடர வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள். உடனே படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகலாம். இரும்புச்சத்து மாத்திரையும் அன்டாசிட்டும் அதே நேரத்தில் வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இது கொடுப்பதில்லை. இன்னொன்று, இந்த மருந்து போட்டால் வெயிலில் தோல் சீக்கிரம் எரியும், ஆகவே முழுக்கைச் சட்டை.

மருந்து போட்டாலும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கீறல்களுக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர், கையில் றப்பர் கையுறை, கரைக்கு வந்ததும் சவர்க்காரம். இறங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் வரைக்கும் காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் வரும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது எல்லாம் கவனிக்க வேண்டிய குறிகள். டொக்டரிடம் "சதுப்புத் தண்ணீரில் இறங்கினேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், அவராகக் கேட்காமல் விடலாம். கொழும்புக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் பனடோல் (பரசிட்டமோல்) தவிர வேறு வலிமாத்திரை எதையும் நீங்களாகப் போடக் கூடாது.

ஒக்டோபர், நவம்பர் இரண்டும் பின்னேர இடிமழைக் காலம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் தண்ணீரை விட்டு ஏறிவிடுகிற மாதிரி நாளைப் போடுங்கள். மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது, வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்ப இறங்காதீர்கள். ஒதுங்க வேண்டியது சுவரும் கூரையும் உள்ள கட்டடத்தில், அல்லது கண்ணாடி ஏற்றிய வேனில். ஓட்டோ உதவாது, பறவை பார்க்கும் மரக்குடில், தனிமரம் எதுவும் உதவாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷொக் அடிக்கும் என்று பலர் விலகி நிற்கிறார்கள். உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

சேற்றில் ஏமாற்றுவது பச்சைதான். சல்வீனியா, ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகள் மூடிய இடம் தரைபோலத் தெரியும், அடியில் ஆழத் தண்ணீர் இருக்கும். ஆறடி மூங்கிலால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. முழங்கால்வரை போகும் கம்பூட்ஸின் மேல்விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறுமென்றால் அங்கே அதைப் போட்டு இறங்காதீர்கள். நிரம்பினால் காலைத் தூக்க முடியாது. புதைந்துவிட்டால் ஒரு காலை இழுக்கும்போது மற்றது இன்னும் ஆழமாகப் போகும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பாரத்தைப் பரப்புங்கள், காலை மெல்ல ஆட்டித் தண்ணீர் உள்ளே புக விடுங்கள், பூட்ஸ் போனாலும் போகட்டும். கரையில் நிற்பவர் கையில் 15 மீற்றர் கயிறு. மூன்று பேர் என்றால் ஒருவர் எப்போதும் கரையில்தான்.

முதலைக்கு ஒரே மருந்து விளிம்பில் குனிந்து உட்காராமல் இருப்பது. இரண்டரை மீற்றர் பி.வி.சி. குழாயின் நுனியில் போத்தலைக் கட்டி, பின்னால் நின்றே எடுங்கள். அதே இடம், அதே நேரம் என்று பழக்கமாக்க வேண்டாம். விடியுமுன், இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், மோதிரத்தைக் கழற்றி, காலை அசையாமல் வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சின்ன விரியனுக்கு நம் ஆஸ்பத்திரிகளிலுள்ள விஷமுறி மருந்து வேலை செய்யாது. அதற்காக வீட்டிலிருக்க வேண்டாம், சிறுநீரகத்தையும் இரத்தம் உறைவதையும் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க முடியும்.

அம்புலன்ஸுக்கு "சதுப்பு" என்றால் இடம் புரியாது. இறங்குமுன் வாகனம் வரக்கூடிய வீதி முனையின் ஜி.பி.எஸ். இலக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வீட்டிலிருக்கும் ஒருவருக்கு திரும்பும் நேரத்தோடு அனுப்புங்கள். சொன்ன நேரம் கழிந்து அரைமணிக்குள் தகவல் இல்லையென்றால் அவர் உங்களை அழைக்க வேண்டும், ஒரு மணியானால் பொலிஸின் 119ஐ. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், இரண்டு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெற்றும் பையில்.

இரண்டு இடங்களிலும் சரணாலயப் பகுதி இருப்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்பே எடுங்கள். அதன் பிரதியோடு, என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதமும் வைத்திருங்கள். போத்தலும் குழாயுமாக வேலியோரம் நிற்கும் மூன்று பேரை ஊர்க்காரர் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டும்.