எடை மெஷின் டிஎல்எல்லைப் பைத்தானில் கூப்பிடுவது: குமுளியில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

போன ஞாயிறு குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்கு பில் புரோகிராம் எழுதுகிற நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். ஆளாளுக்கு என்னைக் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

கம்பத்துத் தம்பி: அண்ணே, மெஷினோட குடுத்தது ஒரு டிஎல்எல் (மற்ற புரோகிராம்கள் கூப்பிடுற, கம்பைல் பண்ண விண்டோஸ் ஃபைல்) மட்டும்தான். என் புரோகிராம் பைத்தான். எல்லாத்தையும் சி-யில திருப்பி எழுதணுமா?

வேண்டாம் தம்பி. 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல், டிஎல்எல்லைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் என்ற நூலகம் கூடவே வருகிறது. டிஎல்எல் 32 பிட்டா 64 பிட்டா என்று மட்டும் முதலில் பாருங்கள். 64 பிட் பைத்தான் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றாது, 193 என்று ஒரு பிழை எண் காட்டும். பாதிப் பேர் இங்கேயே ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

வண்டன்மேடு: எடை 31.5 வரணும். வர்றது தலையும் வாலும் இல்லாத ஏதோ முழு எண்.

ரெஸ்டைப் (ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகை) எழுதவில்லை, அதுதான். நாம் சொல்லாவிட்டால், திரும்பி வருவது இன்ட் (முழு எண்) என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். டிஎல்எல் டபுள் (தசம எண்) அனுப்பினாலும் அதற்குத் தெரியாது. ஒரே சொல்லை இருவர் வேறு வேறாகப் புரிந்துகொள்வது போலத்தான் இது: மலையாளம் பேசும் இந்த ஊர் சாயாக் கடையில் 'வெள்ளம்' என்றால் குடிக்கத் தண்ணீர். மலையிறங்கிக் கம்பத்தில் அதே சொல்லைச் சொன்னால் முல்லைப் பெரியாறு கரை தாண்டிவிட்டதா என்பார்கள். ரெஸ்டைப்பில் சி_டபுள் என்று போடுங்கள், ஆர்க்டைப்ஸையும் (நாம் அனுப்பும் மதிப்புகளின் வகைகள்) விடாமல் எழுதுங்கள். இரண்டு மொழிக்கு நடுவில் நமக்காகச் சரிபார்க்க எந்தக் கம்பைலரும் கிடையாது.

போடி: விவசாயி பேரைத் தமிழ்ல அனுப்பலாமா?

அனுப்பலாம், பைட்டை எண்ணத் தெரிந்தால். நானே இதில் அடிபட்டவன். ஊர்ப் பெயருக்கு 16 பைட், அதை ஒட்டி நான்கு பைட்டில் கிராம் கணக்கில் எடை என்று சி-யில் ஒரு ஸ்ட்ரக்ட் (விவரங்களை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு) வைத்திருந்தேன். முதலில் எடையை எழுதி, பிறகு ஸ்ட்ரிங்காப்பியில் (இடம் போதுமா என்று பார்க்காமல் எழுத்தை நகலெடுக்கும் ஃபங்ஷன்) பெயரைப் போடுவேன். ஆங்கிலத்தில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை.

கடையில் தமிழுக்கு மாற்றியதும், குமுளி என்று பதிந்த மூட்டையெல்லாம் 49.070 கிலோ. முதல் மூட்டை 48.350 இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அரை மூட்டைக்கும் அதே எடை வந்தபோதுதான் கடைக்காரர் என்னைப் பிடித்தார்.

'குமுளி' நம் கண்ணுக்கு 3 எழுத்து. பைத்தானில் லென் (நீளம்) கேட்டால் 6, உயிர்மெய்க் குறிகளையும் தனியாக எண்ணும். எழுத்தைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் இந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18, பெயர் முடிந்தது என்று காட்ட கடைசியில் ஒரு பூஜ்யம். 19 பைட்டை 16-க்குள் திணித்தால் மீதி மூன்றும் எடையின் மேல் ஏறிவிடும். அந்த மூன்று 174, 191, 0. சிறிய பைட் முதலில் வரும் நம் கம்ப்யூட்டரில் 174 + 191 × 256, அதாவது 49,070 கிராம்! எடையில் அடித்திருந்தது 'ளி'யின் கொக்கி. அன்றிலிருந்து பெயருக்கு 96 பைட்டுக்குக் குறைத்து வைப்பதில்லை, நீளம் பார்க்காமல் காப்பியும் இல்லை.

செங்கோட்டை: ரஸ்ட் மொழியில எழுதினதைக் கூப்பிட முடியுமா?

தாராளமாக. எக்ஸ்டர்ன் சி என்று அறிவித்து, பெயரைக் கம்பைலர் மாற்றாமல் தடுத்துவிடுங்கள். சி++-க்கும் இதே கதைதான். இரு பக்கமும் சி இல்லாவிட்டாலும் நடுவில் பேசிக்கொள்வது சி முறையில்தான். ஜாவாக்காரர்களுக்கு, ஜேஎன்ஐ (ஜாவாவின் பழைய இணைப்பு முறை) இல்லாமலே கூப்பிடும் வசதி 2024-இல் வந்த ஜாவா 22-இல் நிலையாகிவிட்டது.

மறுபடியும் கம்பத்துத் தம்பி: எடை மாறுனா என் ஃபங்ஷனை டிஎல்எல் கூப்பிடுது. கொஞ்ச நேரம் ஓடிட்டுப் பொத்துனு விழுந்துடுது அண்ணே.

சிடைப்ஸில் சுற்றிக் கொடுத்த கால்பேக்கை (டிஎல்எல் திருப்பிக் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) ஒரு மாறியில் பிடித்து வைத்தீர்களா? இல்லையென்றால் யாருக்கும் வேண்டாத பொருள் என்று பைத்தான் அதைக் கூட்டித் தள்ளிவிடும். டிஎல்எல்லோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். மெஷின் ஓடும் வரை அந்த மாறியும் இருக்கட்டும்.

வண்டன்மேடு: டிஎல்எல் குடுக்குற ஸ்ட்ரிங்கோட நினைவகத்தை நான் ஃப்ரீ பண்ணணுமா (விடுவிக்கணுமா)?

ஒதுக்கியவரே விடுவிக்க வேண்டும். அவர்கள் தந்த ஃப்ரீ ஃபங்ஷனைத்தான் கூப்பிடணும், நம்முடையதை அல்ல. அந்த ஸ்ட்ரிங்குக்கு ரெஸ்டைப்பில் சி_சார்_பி (எழுத்துச் சரத்தின் வகை) போடாதீர்கள். பைத்தான் உள்ளே இருப்பதைப் படித்துக் கொடுத்துவிட்டு முகவரியைத் தொலைத்துவிடும். சி_வாய்ட்_பி (வெறும் முகவரி) என்று வாங்கி, படித்துவிட்டு, அதே முகவரியை அவர்களுடைய ஃப்ரீ ஃபங்ஷனுக்குத் திருப்பிக் கொடுங்கள்.