மதியம் ஒரு மணி போன்

மேடம்,

எனக்கு 23 வயது, சொந்த ஊர் ஈரோடு. செப்டம்பர் கடைசியில் இருந்து ஜெர்மனியில், கெம்னிட்ஸில் எம்.எஸ்சி. படிக்கிறேன். இங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஃபிளாட்டில் கூட இருக்கும் ஜெர்மன் பெண்ணைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் ரசம் தாளித்து இறக்குவதற்குள் வந்து சமையலறை ஜன்னலை அகலத் திறந்து வைக்கிறாள், வெளியே மைனஸ் நாலு டிகிரி! பெருங்காய வாசனை பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லலாம் இல்லையா? யார் என்றைக்குக் கூட்டித் துடைக்க வேண்டும், யார் குப்பையைக் கொண்டுபோக வேண்டும் என்று ஃபிரிட்ஜில் ஒரு அட்டவணை வேறு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை மறந்தால் பால் இல்லை. கேன்டீன் பிடிக்காமல் தினமும் மதியம் ஒரு மணிக்கு அறைக்கு வந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவேன். இப்போது அம்மா எதிர்வீட்டு அக்காவோடு சாயங்காலம் வாக்கிங் போகிறார், “அப்புறம் பேசறேன் கண்ணு” என்று அவரே வைத்துவிடுகிறார், அது வேறு விஷயம். அந்த ஜன்னல்தான் மேடம் என்னைக் கொல்கிறது. வேண்டுமென்றே செய்கிறாள். வேறு வீடு பார்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அது வேறு விஷயம் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே அது ஒன்றுதான் விஷயம்.

முதலில் ஜன்னலை முடித்துவிடுவோம், அதில் நான் அந்தப் பெண்ணின் பக்கம். குளிர்காலத்தில் அடைத்துவைத்துச் சமைத்தால் ஆவியெல்லாம் சில்லிட்ட சுவரில் நீராகப் படியும், போகப் போகப் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைப்பார். அதனால் அங்கே ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுசாகத் திறந்து மூடுவது வழக்கம், ‘ஸ்டோஸ்லுஃப்டன்’ என்பார்கள். அவள் பாஸ்தா வேகவைக்கும் நாளிலும் திறக்கிறாளா என்று பாருங்கள்.

இப்போது அம்மா. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே குளிர்கால நேரத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதுவரை உங்கள் மதியம் ஒரு மணி என்பது ஈரோட்டில் நாலரை, டீ போடும் நேரம். இப்போது ஐந்தரை, வெயில் தாழ்ந்து சனங்கள் வெளியே இறங்கும் நேரம். உங்கள் போன் போய் சரியாக அம்மாவின் வாக்கிங்கில் விழுகிறது, பாதிக் காரணம் இவ்வளவுதான்.

மீதிப் பாதி கொஞ்சம் கசக்கும். நாம் கிளம்பிய பிறகு வீடு நம்மையே நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் அங்கே தவித்துக்கொண்டிருக்க, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அதுதான் சுருக்கென்று தைத்திருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மனசு வராது, கோபமோ எங்கேயாவது போயாக வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி ஜன்னலைத் திறந்துகொண்டு நின்றாள். பெண் ஊரைவிட்டுப் போன பிறகு அந்த ஐந்தரை மணியை என்ன செய்வது என்று அம்மாவுக்கும் திகைப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். இந்த விஷயத்தில் உங்களைவிட அவர் கெட்டிக்காரர், சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

இன்னொன்று. ஈரோட்டில் இருக்கும் எதிர்வீட்டு அக்கா உங்கள் கடிதத்தில் வருகிறார். ஒரே அடுப்பில் சமைக்கும் பெண்ணின் பெயர் இல்லை, என்ன படிக்கிறாள் என்று இல்லை, ஜன்னலை ஏன் திறக்கிறாள் என்று ஒரு தடவை கேட்டதாகவும் இல்லை. வாயைத் திறந்து சொல்லலாமே என்று அவளைத்தான் கேட்கிறீர்கள்.

வீடு மாறாதீர்கள், அங்கேயும் ஜன்னல் இருக்கும். போனை மாலை நாலு மணிக்கு மாற்றுங்கள், ஊரில் எட்டரை, அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார். மதியம் கேன்டீனுக்கு நடந்தே போங்கள். டிசம்பரில் அங்கே நல்ல வெளிச்சம் இருப்பதே அந்த நேரத்தில்தான், மேகமூட்டமாக இருந்தாலும் வெளி வெளிச்சம் டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம், நீங்கள் அதை அறைக்குள் போனைப் பார்த்துக் கழிக்கிறீர்கள். தூக்கம், பசி, படிப்பு என்று எல்லாமே கெட்டு, வாரக்கணக்கில் சரியாகவில்லை என்றால், அங்குள்ள மாணவர் நல அமைப்பான ஸ்டுடென்டன்வெர்க்கில் உளவியல் ஆலோசனை உண்டு, தயங்காமல் போங்கள்.

நாலு மணிக்குப் பேசும்போது அந்த ஜன்னல் கதையை விட்டுவிட்டு, இன்றைக்கு எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.