வெட்டி எறிந்த கேள்வி

கேள்வி: எனக்கு 27 வயது. நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிதான் (படுகர் கிராமம்) எங்கள் ஊர். கோவையில் தங்கி, படுக மொழி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒலியும் இலக்கணமும் போதும் என்கிறார் என் மொழியியல் கைடு. உறவுமுறையும் சடங்கும் தெரியாமல் மொழி ஏது என்கிறார் மானிடவியல் பேராசிரியர். பாட்டியிடம் பழங்கதை கேட்டு 40 மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். நடுநடுவே அவர் ‘சாப்பிட்டியா, மறுபடி எப்ப வருவே’ என்று கேட்டதையெல்லாம் வெட்டிவிட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறேன். நான் துறை மாறட்டுமா?

பதில்: மகளே, மாற வேண்டாம். மொழியியலிலேயே இருந்து பட்டத்தை முடி. அது ஒரு வரிச் சமாச்சாரம்.

போகிற போக்கில் ‘வெட்டிவிட்டு’ என்று எழுதினாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

எந்தத் துறையும் எதையாவது ஒதுக்கித்தான் பார்க்கும், தப்பில்லை. உங்கள் மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்கிறார்கள். செடி அங்கேயே நிற்கிறது. நீ செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கொழுந்து சுத்தமாக இருக்கிறது என்கிறாய். படுக மொழியைக் கன்னடத்தின் கிளைமொழி என்று வெகுகாலம் எழுதினார்கள். பிறகு தனி மொழி என்றார்கள். அதற்காக உன் பாட்டி ஒரு சொல்லையாவது மாற்றிப் பேசினாரா?

சரி, உன் இலக்கணத்துக்கே வருகிறேன். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளியில் படித்தோமே. பழங்கதை பெரும்பாலும் படர்க்கை, இறந்தகாலம். கேள்வி, ஏவல், அதட்டல், கொஞ்சல், நாளைக்கு என்ன என்ற பேச்சு, இதெல்லாம் அவர் உன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்தான் கிடைக்கும். அதை வெட்டியபோது முன்னிலையையே வெட்டிவிட்டாய். அந்த முன்னிலை நீதான்!

மானிடவியல்காரர் தேடுவதும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் மருத்துவம் படித்தவர், உளவியலும் பார்த்தவர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து, அங்குள்ள தோடர் பழங்குடியினரிடம் யாருக்கு யார் என்ன உறவு என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். 1906இல் வந்த அவர் புத்தகத்துக்கு அந்த வம்சாவளிகள்தான் முதுகெலும்பு. கடல் தாண்டி வந்தவர் உறவைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பேத்தி நீ, கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாய்.

ஹெத்தை என்றால் பாட்டி என்று நானா உனக்குச் சொல்ல வேண்டும்? பாட்டியையே தெய்வமாக்கி ஹெத்தை ஹப்பா கொண்டாடும் ஊரில் பிறந்துவிட்டு, ‘சாப்பிட்டியா’ உனக்கு அழுக்காகிவிட்டது.

வயதானவர்கள் ‘எப்ப வருவே’ என்று கேட்டால் தேதி சொல்ல வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு. நான் அந்தக் காலத்து ஆள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ என்ன பதில் சொன்னாய் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அசல் பதிவை அழித்துவிடவில்லையே? இருந்தால் இன்றே இன்னொரு பிரதி எடுத்து வை. வருகிற சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய் கோத்தகிரி பஸ் ஏறு. ரெக்கார்டர் பைக்குள்ளேயே கிடக்கட்டும். போனதும் முதலில் சாப்பிடு.