செங்கடல் சரக்குக்கு லண்டனில் ஏன் விலை ஏறுகிறது?

கேள்வி: திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்புகிறேன். செங்கடல் வழியாகப் போகும் சரக்குக்கு 'வார் ரிஸ்க்' (போர் ஆபத்து) பிரீமியம் கூடிவிட்டது. கேட்டால், "லண்டன் லாயிட்ஸ்ல ஏத்திட்டாங்க சார்" என்கிறார் ஏஜென்ட். என் பாலிசி இந்தியக் கம்பெனியில்தான் இருக்கிறது. லாயிட்ஸ் என்பது யார்? நேராக அவர்களிடமே பாலிசி எடுத்தால் மிச்சமாகுமா?

பதில்: உங்கள் ஏஜென்ட் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் லாயிட்ஸ் ஒரு கம்பெனி இல்லை, சந்தை. 1680-களில் எட்வர்ட் லாயிட் என்பவர் லண்டனில் நடத்திய காபிக் கடையில் மாலுமிகளும் வியாபாரிகளும் கூடுவார்கள். கப்பல், சரக்கு விவரத்தை ஒரு சீட்டில் எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள். நஷ்டத்தில் பங்கேற்கச் சம்மதிப்பவர், எவ்வளவு என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவார். 'அண்டர்ரைட்டர்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். இன்றும் அடிப்படை அதுவே. ஒரு பெரிய ரிஸ்க்கை ஒருவரே சுமப்பதில்லை. பல சிண்டிகேட்டுகள், அதாவது அந்தச் சந்தையில் ரிஸ்க் ஏற்கும் குழுக்கள், ஆளுக்கொரு சதவீதம் எடுத்துக்கொள்கின்றன.

உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியும் தன் சுமையில் ஒரு பகுதியை மறுகாப்பீடாக, அதாவது கம்பெனியே எடுக்கும் காப்பீடாக, வெளியே கொடுத்துவிடும். அந்தச் சங்கிலியில்தான் லண்டன் வருகிறது. அங்குள்ள காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு (ஜாயின்ட் வார் கமிட்டி), கப்பல்களுக்கு ஆபத்தான கடல் பகுதிகளைப் பட்டியல் போடுகிறது. 2023 டிசம்பரில், ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கிய பிறகு, செங்கடலில் அந்த எல்லையை வடக்கே நீட்டினார்கள். ரேட்டை அந்தக் குழு சொல்வதில்லை, ஒவ்வொரு அண்டர்ரைட்டரும் தானே முடிவு செய்கிறார். ஆனாலும் பட்டியல் மாறினால் உலகம் முழுக்க ரேட் அசையும்.

நேராக எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். லாயிட்ஸ் 2017-லிருந்து மும்பையில் கிளை வைத்திருக்கிறது, ஆனால் மறுகாப்பீட்டுக்கு மட்டும்தான்.

அதைவிட, உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். சாதாரண சரக்குப் பாலிசியில், 'ஆல் ரிஸ்க்' என்று சொன்னாலும், போர் சேராது. போர் ஆபத்தைச் சேர்க்கும் தனி விதி ('வார் கிளாஸ்') இருக்க வேண்டும். அதுவும் பொதுவாகச் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான். குடோனில் கிடக்கும்போது செல்லாது. 7 நாள் நோட்டீஸில் கம்பெனி இந்தப் போர் கவரை ரத்து செய்யும் விதியும் வழக்கமாக இருக்கும். ஏற்கெனவே கிளம்பிவிட்ட சரக்கை அது பாதிக்காது, அடுத்த கன்டெய்னரைப் பாதிக்கும்.

அப்புறம், ஆர்டர் எஃப்ஓபியா, சிஐஎஃப்பா? எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏறியபின் ரிஸ்க் பையருடையது, இந்த பிரீமியமும் அவர் தலையில்தான். சிஐஎஃப் என்றால் காப்பீடும் கப்பல் கட்டணமும் உங்கள் விலையிலேயே சேர்ந்திருக்கும், அதனால் போர் கவர் யார் செலவு என்று அடுத்த ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.