கள்ளி விதை முளைச்சதும் அழுகிப் போகுதே, ஏன்?
முளைச்ச குட்டிக் கள்ளியெல்லாம் பத்தே நாள்ல கண்ணாடி மாதிரி ஆகி சாயுதுன்னு கேட்டிருக்கீங்க, அது பூஞ்சையோட வேலைதான். மண்ணுல மட்கு அதிகமானா இந்தத் தொல்லை வரும், அதனால பாதிக்கு மேல பெர்லைட்டோ (வெள்ளையா, பொரி மாதிரி லேசா இருக்குற எரிமலைக் கல் துகள்) பருமணலோ கலந்து, கொதிக்கிற தண்ணிய ஊத்தி நல்லா ஆறவிட்டு அப்புறம் விதைங்க. விதைய புதைக்காதீங்க, மேலாப்புல தூவினா போதும், பெரும்பாலானதுக்கு வெளிச்சம் பட்டாத்தான் முளைப்பே வரும். தண்ணி மேல ஊத்தாம தட்டுல வெச்சு அடியிலேர்ந்து உறிஞ்சவிட்டு, பிளாஸ்டிக் கவர் மூடி, நேர் வெயில் படாம 25 டிகிரி வாக்குல வெச்சா 1-3 வாரத்துல கடுகு சைஸ்ல பச்சையா தலை நீட்டும். கள்ளிதானேன்னு அப்பவே காயப்போட்டுடாதீங்க (நானும் பண்ணிருக்கேன்), குட்டிக்கு தண்ணி சேத்து வைக்க உடம்பே இன்னும் வரல. கவரை ஒரேயடியா எடுக்காம கொஞ்சம் கொஞ்சமா திறங்க, சாஞ்சதை அன்னிக்கே பிடுங்கிடுங்க.