சார் கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். கெமிஸ்ட்ரி சார், "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்கிறார். எழுதிவிடலாமா? தெரிந்த எம்.எல்.ஏ.விடம் வாங்கினால் இன்னும் மதிப்பாக இருக்குமா, டீச்சர்?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டுமே வேண்டாம், தங்கச்சி. வகுப்பில் அவளைப் பார்த்தே இராத எம்.எல்.ஏ. அவளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

சார் மீது வருத்தப்படாதீர்கள். நம் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு மார்க் போதும். அவர் எழுதிப் பழகியதெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ்தான். அங்கே கேட்பது வேறு. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் மகள் சாரின் இமெயிலைக் கொடுத்தால் அவருக்கே லிங்க் போகும், அவரே கடிதத்தை ஏற்ற வேண்டும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று மகளிடமும் கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதுதான் நல்லது. மனம்விட்டு எழுதிய கடிதம் என்று அப்போதுதான் நம்புவார்கள்.

மகள் செய்ய வேண்டியது, சாருக்கு நினைவூட்ட ஒரு பக்கக் குறிப்பு. நான் பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்தியவள். ஒரு பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் மார்க்தான் ஞாபகம் வரும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும், நனைந்த லைப்ரரிப் புத்தகங்களுக்குள் பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பரைச் செருகி ஃபேனடியில் காயவைத்தாள் ஒரு மாணவி. யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவள் தந்த குறிப்பில் ஒரு வரியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கண்முன் வந்துவிட்டது. கடிதம் முழுக்க அதைத்தான் எழுதினேன்.

உங்கள் மகளும் அப்படி யோசிக்கட்டும். சால்ட் அனாலிசிஸில் விடை தப்பாக வந்தபோது என்ன செய்தாள்? லேபில் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாள்? சாரிடம் கேட்ட எந்தக் கேள்விக்கு அவர் மறுநாள் பதில் கொண்டுவந்தார்? புகழ்ச்சி வேண்டாம், நடந்தது போதும். வாக்கியம் சாருடையதாக இருக்கட்டும். ஆங்கிலம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஒரு கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரையும், ஒரு மொழி அல்லது சமூக அறிவியல் பாட ஆசிரியரையும் கேட்கிறது. தமிழ் அம்மாவிடமும் தயங்காமல் கேட்கலாம். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். காலாண்டுத் தேர்வுப் பேப்பர் கட்டு சார் கைக்கு வருமுன் குறிப்பைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.