56 டாலர் கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் யுபிஎஸ் பார்சல் நிறுவன ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டியே ஆண்டுக்கு 170,000 டாலர் சம்பளம் வாங்கிவிட்டார்கள். அதன் தலைமை நிர்வாகிக்கோ மில்லியன் கணக்கில் போகிறது. அதைப் பிரித்துக் கொடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடாதா? இங்கே சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டுபோகும் என் அக்காள் மகனைப் போன்றவர்கள் ஏன் ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் செய்வதில்லை? பயமா, சோம்பலா?
– வாசகர், ஈசூன்

பதில்: மதியம் இரண்டு மணி வெயிலில், ஒரு கையில் பபிள் டீ, மறு கையில் சிக்கன் ரைஸ் என்று பன்னிரண்டாம் மாடிக்கு ஓடுகிற பிள்ளையைப் பார்த்து ‘சோம்பலா’ என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? போகட்டும், கணக்குக்கு வருவோம்.

யுபிஎஸ் தலைவி கேரல் டோமேயின் 2022ஆம் ஆண்டு ஊதியம், பங்குகளையும் சேர்த்து, சுமார் 19 மில்லியன் அமெரிக்க டாலர். டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தில் இருக்கும் அந்நிறுவன ஊழியர்கள் 340,000 பேர். நீங்கள் சொன்னபடி ஒரு காசு விடாமல் பிரித்துக் கொடுத்தால் தலைக்கு 56 டாலர் வரும். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. ஒரு ஜோடி நல்ல காலணிகூட வாங்க முடியாது.

அதே 2022இல் அந்த நிறுவனம் தன் பங்குகளைத் தானே சந்தையில் திரும்ப வாங்கச் செலவிட்டது 3.5 பில்லியன் டாலர். அதையும் அதே 340,000ஆல் வகுத்துப் பாருங்கள்: தலைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஈவுத்தொகையை நான் இன்னும் தொடவே இல்லை. எல்லாரும் தலைவியின் சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். பெரிய மூட்டை பின்வாசல் வழியாகப் போகிறது.

அப்படியானால் தலைவரின் சம்பளம் முக்கியமே இல்லையா என்றால், உண்டு. எவ்வளவு என்பதைவிட எந்த வடிவத்தில் என்று பாருங்கள். அமேசான் தலைவர் ஆண்டி ஜாசிக்கு 2021இல் 212 மில்லியன் டாலர் என்று தலைப்புச் செய்தி வந்தது. மறு ஆண்டு 1.3 மில்லியன்தான். அவர் திடீரென்று ஏழையாகிவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கைக்கு வரப்போகும் பங்குகளின் மொத்த மதிப்பையும், அவை ஒதுக்கப்பட்ட ஆண்டிலேயே எழுதிவிட வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு விதி. ஆக, ஓர் ஆண்டு எண்ணை வைத்துக் கோபப்படுவதும் வீண், மறு ஆண்டு எண்ணை வைத்துச் சமாதானமாவதும் வீண். ஊதியத்தின் பெரும்பகுதி பங்காக இருக்கும்போது, பங்கு விலையை ஏற்றும் எதுவும் தலைவருக்கு இனிக்கும். பங்குகளைத் திரும்ப வாங்குவது ஏற்றும். ஓட்டுநருக்கு மணிக்கு 3 டாலர் கூட்டுவது ஏற்றாது. இதில் ஆள் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனி, அந்த 170,000. 2023இல் போட்ட ஒப்பந்தம் முடியும் ஆண்டில் முழுநேர ஓட்டுநருக்குச் சராசரியாக இவ்வளவு என்று அறிவித்தது நிறுவனத் தலைவி. அதில் மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியப் பங்களிப்பும் அடக்கம். உச்ச நிலை ஓட்டுநருக்கு அப்போது மணிக்குச் சராசரியாக 49 டாலர். வாரம் 40 மணி நேரம், 52 வாரம் என்றால் 2,080 மணி நேரம். ஏறக்குறைய 102,000 டாலர். அந்த உச்ச நிலையைத் தொடவே நான்கு ஆண்டுகள் ஓட்ட வேண்டும். கிடங்கில் விடியற்காலையில் பெட்டி ஏற்றும் பகுதிநேர ஊழியருக்கு அதே ஒப்பந்தத்தில் தொடக்கம் மணிக்கு 21 டாலர். அவரைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

‘மிரட்டியே’ வாங்கினார்கள் என்கிறீர்களே, அந்த மிரட்டலுக்கு எடை எப்படி வந்தது? ஒன்று, 1997. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் 185,000 பேர் 15 நாள் உண்மையாகவே வெளியே நின்றார்கள். இரண்டு, தேதி. பழைய ஒப்பந்தம் 2023 ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது என்று கையெழுத்திட்ட நாளிலிருந்தே இரு தரப்புக்கும் தெரியும். பார்சல் அனுப்புகிற வாடிக்கையாளருக்கும் தெரியும். அவர் வேறு நிறுவனத்துக்குப் போகத் தொடங்குவார், அதுதான் உண்மையான வலி. ஜூலை 25இல் உடன்பாடு வந்துவிட்டது. ஆகஸ்ட்டில் 86 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தார்கள்.

என்னைக் கேட்டால், அந்த ஒப்பந்தத்தின் பெரிய வெற்றி சம்பள எண் அல்ல. ‘22.4’ என்ற பிரிவு ஒழிந்ததுதான். 2018 ஒப்பந்தத்தில் நுழைந்த பிரிவு அது: அதே வேன், அதே பெட்டி, புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் குறைந்த கூலி. 2018இல் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் அதை எதிர்த்தார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்படியானால் நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சங்க விதியில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டிச் சங்கத் தலைமையே ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது! முதலாளி மட்டும்தான் ஏமாற்றுவார் என்று யார் சொன்னது?

பிறகு எல்லாம் சுபமா என்றால் அதுவும் இல்லை. அமேசானுக்காகச் சுமக்கும் பார்சல்களைப் பாதிக்கு மேல் குறைக்கப்போவதாக 2025இல் யுபிஎஸ் அறிவித்தது. கூடவே 20,000 வேலைகளும் 73 கட்டடங்களும். கூலியை ஒப்பந்தம் காக்கும். எத்தனை பேருக்கு அந்தக் கூலி என்பதை அது காக்காது.

இப்போது சிங்கப்பூர். இங்கே கடிதம் கொண்டுபோனவர்கள் வேலைநிறுத்தம் செய்ததே இல்லை என்று நினைக்காதீர்கள். 1952 மே மாதம் தபால்காரர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் பையைக் கீழே வைத்தார்கள். அவர்களுடைய சட்ட ஆலோசகராக இருந்த இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. பிறகு சட்டம் இறுகியது. ரகசிய வாக்கெடுப்பில் உறுப்பினர்களின் பெரும்பான்மை வேண்டும். வழக்கு தொழில் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வேலையை நிறுத்தக் கூடாது. அத்தியாவசியச் சேவையென்றால் 14 நாள் முன்னறிவிப்பு. 2012 நவம்பரில் எஸ்எம்ஆர்டி போக்குவரத்து நிறுவனத்தின் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் அந்த அறிவிப்பு இல்லாமல் வேலைக்குப் போகவில்லை. ஐவருக்குச் சிறை, 29 பேருக்கு ஊர் திரும்ப விமானச் சீட்டு. வேலை அனுமதிச் சீட்டில் லாரி ஓட்டுகிற நம் ஊர்க்காரருக்கு அந்தப் பாடம் நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பயம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் அக்காள் மகன் நிலை வேறு. அவர் 2024 முடியும்வரை சட்டப்படி சுயதொழில் செய்பவராகவே இருந்தார். செயலியை அணைத்துவிட்டு வீட்டில் படுத்தால் அது வேலைநிறுத்தம் அல்ல, சம்பளமில்லாத ஓய்வு. அதைவிடக் கொடுமை: நூறு பேர் அணைத்தால் ஆள் பற்றாக்குறையைப் பார்த்துச் செயலி கட்டணத்தை ஏற்றும். ஏறிய கட்டணத்தைப் பார்த்து வேறு நூறு பேர் உள்ளே வருவார்கள். போராட்டம் பலிக்கப் பலிக்க, அதை முறிக்கும் ஆளைப் போராட்டமே கூப்பிட்டுக்கொண்டு வரும்.

தலைவர் ஊதியத்தை வகுத்துப் பார்க்கவும் இங்கே எளிதல்ல. சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், 2024 டிசம்பர் 31 முதல் முடியும் நிதியாண்டுகளுக்குத் தலைமை நிர்வாகியின் ஊதியத்தைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் உணவு விநியோகச் செயலி நடத்தும் கிராப் 2021இல் பட்டியலானது நியூயார்க்கின் நாஸ்டாக்கில், அதுவும் வெளிநாட்டு நிறுவனம் என்ற தகுதியில். தலைவர் ஊதியம், சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்கும் ஊழியரின் ஊதியத்தைப்போல எத்தனை மடங்கு என்று அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட வேண்டிய கணக்கு அந்தத் தகுதிக்குக் கட்டாயமில்லை.

2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த, செயலிவழி வேலை செய்பவர்களுக்கான இணையத்தள ஊழியர்கள் சட்டம் இதில் சிலவற்றை மாற்றியிருக்கிறது. மோட்டார்சைக்கிளில் மாதம் 2,400 சிங்கப்பூர் வெள்ளி பார்க்கிறார் என்று வையுங்கள். செலவுக்கென்று 35 விழுக்காடு, அதாவது 840 வெள்ளி, கழியும். மத்திய சேமநிதிக்கு மிச்சம் 1,560தான் கணக்கு. 1995 அல்லது அதற்குப் பின் பிறந்தவருக்கு இது கட்டாயம். விழுக்காடு படிப்படியாக ஏறி 2029இல், 35 வயதுக்கு மேற்படாதவர் என்றால், அவர் பங்கு 20 விழுக்காடு, 312 வெள்ளி. நிறுவனத்தின் பங்கு 17 விழுக்காடு, 265 வெள்ளி. நல்லதுதான். ஆனால் ஓர் ஆர்டருக்கு எவ்வளவு என்பதைச் சட்டம் தொடவில்லை. வலது கையால் சேமநிதிக்குக் கட்டி, இடது கையால் ஆர்டருக்கு 30 காசு குறைத்தால் என்ன செய்வது?

பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். அதற்கும் இப்போது வழி உண்டு. தேசிய விநியோக ஊழியர் சங்கம் போன்றவை நிறுவனத்தோடு சட்டப்படி செல்லும் கூட்டு ஒப்பந்தம் போடலாம். தகராறு வந்தால் மனிதவள அமைச்சின் சமரசம், பிறகு நடுவர் நீதிமன்றம். நிறுவனம் தானாக அங்கீகரிக்காவிட்டால் ரகசிய வாக்கெடுப்பு: தகுதியுள்ளவர்களில் குறைந்தது 20 விழுக்காட்டினர் வாக்களித்து, அதில் பெரும்பான்மை ஆதரவாக இருக்க வேண்டும். 2018இல் டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள் பாதிப்பேர் வாக்களிக்காமல் என்ன ஆனது என்று மேலே சொன்னேன். தம்பியிடம் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். வேலைக்காய இழப்பீடு, ஆர்டரை ஏற்ற நேரத்திலிருந்து கொடுத்து முடிக்கும்வரைதான். அடுத்த ஆர்டருக்காக அடுக்குமாடிக்குக் கீழே வெற்றுத்தளத்தில் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்துக்கு அது கிடையாது, கூலியும் கிடையாது.